வட்டம், அரைவட்டம், ஒரு புள்ளி: பழைய இசை ஏடுகளைக் கணினிக்குப் புரிய வைப்பது எப்படி?

பியானோ வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பாடநூலைத் திறந்தால், ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் ஆங்கில 'சி' எழுத்தைப் போன்ற ஒரு குறி பல பாட்டுகளில் காணப்படும். நான்கு தட்டுக் கொண்ட தாளம் என்று அதற்குப் பொருள். 'காமன் டைம்' என்பதன் முதல் எழுத்துதான் அது என்று பலர் நினைக்கின்றனர். சில ஆசிரியர்களும் அப்படியே சொல்லிக் கொடுத்து விடுகின்றனர். உண்மையில் அது எழுத்தே அல்ல. முழுமை பெறாத ஒரு வட்டம். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் உருவெடுத்த ஒரு காலக்கணக்கு முறையின் எச்சம் அது.

அந்த அரைவட்டத்திற்கு உடன்பிறப்புகள் பல இருந்தன. முழு வட்டம், நடுவில் புள்ளி வைத்த வட்டம், குறுக்கே கோடு கிழித்த அரைவட்டம், வலப்பக்கம் திருப்பிப் போட்ட அரைவட்டம், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய இரண்டு எண்கள் எனப் பலவகை. 15, 16 ஆம் நூற்றாண்டுகளில், அதாவது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில், எழுதப்பட்ட தேவாலய இசையும் அரசவைப் பாடல்களும் இந்தக் குறிகளால்தான் காலத்தை அளந்தன. இன்று அந்த ஏடுகள் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஏற்றப்படுகின்றன. படம் பிடித்து வைப்பது எளிது. ஆனால் அந்த இசையைக் கணினி தேடவும், ஒப்பிடவும், ஒலிக்கச் செய்யவும் வேண்டுமானால் குறிகளின் கணக்கை அதற்குச் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஏட்டில் இருக்கும் வடிவத்தைப் பதிவதா? அல்லது அந்த வடிவத்திற்கு அறிஞர் கொடுக்கும் பொருளைப் பதிவதா?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் காலக்கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நெடிலும் குறிலும்

தமிழ் எழுத்துகளில் நெடில், குறில் இருப்பது போல ஐரோப்பியரின் பழைய இசைக் குறியீட்டிலும் நெடியது, குறியது என்ற பெயரிலேயே சுரங்கள் இருந்தன. லத்தீன் மொழியில் நெடியது 'லோங்கா', குறியது 'பிரீவிஸ்'. பிரீவிஸை மேலும் பிரித்தால் 'செமிபிரீவிஸ்', அதையும் பிரித்தால் 'மினிமா', அதாவது மிகச் சிறியது. காலப்போக்கில் இன்னும் சிறிய சுரங்கள் வந்து சேரச் சேர, குறியது என்று பெயர் வாங்கியது நெடியதாகி விட்டது. மலேசியா, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தேர்வு முறையில் இசை படிக்கும் பிள்ளைகளுக்கு இன்று செமிபிரீவ் என்பது நான்கு தட்டு நீளும் சுரம். மினிம் இரண்டு தட்டு. 'மிகச் சிறியது' என்ற பெயரோடு அது இரண்டு தட்டு நீள்வது ஒரு வேடிக்கை.

இன்றைய முறையில் ஒரு பெரிய சுரம் எப்போதும் இரண்டு சிறிய சுரங்களுக்குச் சமம். அன்று அப்படி இல்லை. இரண்டாகவும் பிரியலாம், மூன்றாகவும் பிரியலாம். மூன்று என்பதே முழுமை. கிறிஸ்துவ மரபின் திரித்துவத்தோடு அதை இணைத்துப் பேசிய நூலாசிரியர்களும் உண்டு. முழுமையைக் காட்ட முழு வட்டம், குறைவைக் காட்ட அரைவட்டம். வட்டம் இருந்தால் ஒரு பிரீவிஸ் மூன்று செமிபிரீவிஸ். அரைவட்டம் இருந்தால் இரண்டு. நடுவில் புள்ளி இருந்தால் ஒவ்வொரு செமிபிரீவிஸும் மூன்று மினிமா; புள்ளி இல்லாவிட்டால் இரண்டு.

ஆக, ஏட்டில் ஒரே வடிவத்தில் இருக்கும் ஒரு பிரீவிஸ், புள்ளி வைத்த வட்டத்தின் கீழ் 9 மினிமா நீளும். வெறும் வட்டத்தின் கீழ் 6. புள்ளி வைத்த அரைவட்டத்தின் கீழும் 6. வெறும் அரைவட்டத்தின் கீழ் 4. நடுவில் வரும் இரண்டு ஆறும் ஒன்றல்ல. சொற்கட்டில் சொன்னால் ஒன்று 'தக தக தக', மற்றது 'தகிட தகிட'. எண்ணிக்கை ஒன்று, நடை வேறு.

இதோடு முடிந்தால் கணினிக்கு வேலை சுலபம். மூன்றாகப் பிரியும் இடங்களில் ஒரு சுரத்தின் நீளம் பக்கத்தில் எது வருகிறது என்பதைப் பொறுத்தும் மாறும். மூன்று பங்கு நீள வேண்டிய பிரீவிஸுக்குப் பின் தனியாக ஒரு செமிபிரீவிஸ் வந்தால், பிரீவிஸ் தன் மூன்றில் ஒரு பங்கை அதற்கு விட்டுக் கொடுத்து இரண்டாகக் குறையும். இரண்டு பிரீவிஸுகளுக்கு இடையே இரண்டு செமிபிரீவிஸ் வந்தால், இரண்டாவது செமிபிரீவிஸ் இருமடங்காக நீளும். சொற்கள் புணரும்போது எழுத்துகள் திரிவதைப் போன்ற ஏற்பாடு இது. எனவே தொடக்கத்தில் உள்ள ஒரு குறியைத் தவறாகப் பதிந்தால் ஒரு சுரம் மட்டும் பிசகுவதில்லை. அந்தக் குரலின் வரி முழுவதும் பிசகி விடும்.

ஒரு வரி, மூன்று குரல்

அக்கால இசைஞர்கள் இந்த ஏற்பாட்டை வைத்துச் செய்த விந்தைகள் கொஞ்சமல்ல. ஜோஹான்னஸ் ஒக்கெகெம் இயற்றிய 'மிஸ்ஸா புரோலாசியோனும்' என்ற திருப்பலி இசையில் நான்கு குரல்கள் பாடுகின்றன. ஆனால் பெரும்பகுதியில் ஏட்டில் எழுதியிருப்பது இரண்டு வரிகள்தாம். ஒவ்வொரு வரியின் தலைப்பிலும் இரண்டு குறிகள் இருக்கும். ஒரே வரியை ஒருவர் ஒரு குறிப்படியும், மற்றவர் இன்னொரு குறிப்படியும் படித்துப் பாட வேண்டும். 1500 ஆம் ஆண்டையொட்டி உருவான, இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் 'கீஜி ஏடு' இந்த இசையைக் காத்து வைத்துள்ளது.

ஜோஸ்கின் டெ பிரே இன்னும் ஒரு படி மேலே போனார். 'லோம் ஆர்மே சூப்பர் வோசெஸ் மியூசிகாலெஸ்' என்ற அவருடைய திருப்பலி இசையின் இரண்டாம் 'ஆக்னுஸ் டெயி' பகுதிக்கு ஒரே ஒரு வரிதான் எழுதினார். அதன் தொடக்கத்தில் மூன்று குறிகள். நடுக்குரல் மெதுவாகச் செல்லும், கீழ்க்குரல் அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில், மேல்குரல் மூன்று மடங்கு வேகத்தில். மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கி, முரண்படாமல் இணைந்து போகும். வெனிஸ் நகரத்தில் ஒட்டாவியானோ பெட்ரூச்சி 1502ல் இதை அச்சிட்டார். ஓவியர் டோஸோ டோஸி 1520களில் தீட்டிய 'இசையின் உருவகம்' என்ற ஓவியத்திலும் இந்த வரி இடம்பெற்றிருக்கிறது. ஓவியம் இப்போது ஃபிளாரன்ஸ் நகர ஹோர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்த ஒரு வரியைக் கணினியில் எப்படிப் பதிவது? மூன்று குரல்களையும் இன்றைய முறையில் தனித்தனியாக எழுதி விடலாம். ஒலிக்கும், சரியாகவே ஒலிக்கும். ஆனால் ஜோஸ்கின் எழுதியது ஒரு வரி என்ற செய்தியே கோப்பில் இருக்காது. அந்தக் கோப்பை மட்டும் பார்க்கும் மாணவருக்கு இது ஒரு சாதாரண மூன்று குரல் பாட்டு.

எண்கள் செய்யும் கலகம்

வட்டங்களுக்கு அடுத்தபடி விகிதங்கள். 3க்குக் கீழே 2 என்று எழுதினால், முன்பு இரண்டு சுரம் பாடிய நேரத்தில் இனி மூன்று பாட வேண்டும். 2க்குக் கீழே 1 என்றால் ஒன்றின் நேரத்தில் இரண்டு. நேப்பிள்ஸ் அரசவையில் இருந்த ஜோஹான்னஸ் டிங்க்டோரிஸ் 1470களில் இதற்கென்றே 'புரோபோர்சியோனாலே மியூசிசெஸ்' என்ற நூலை எழுதினார். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டும், ஆகவே இரண்டு எண்களையும் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. வெறுமனே 3 என்று எழுதி விட்டுப் போகிறவர்கள் மீது அவருக்குக் கடுங்கோபம். புகழின் உச்சியில் இருந்த ஒக்கெகெமைக்கூட அவர் விட்டு வைக்கவில்லை.

கோபத்தில் நியாயம் இருந்தது. தனியாக நிற்கும் 3, ஒன்றுக்கு மூன்றாகவும் இருக்கலாம், இரண்டுக்கு மூன்றாகவும் இருக்கலாம். ஒரு குரலில் மட்டும் 3 வந்து மற்றக் குரல்கள் பழைய கணக்கிலேயே போனால் பிரச்சினை இல்லை. மற்றக் குரல்கள் 12 செமிபிரீவிஸ் பாடும் நேரத்தில் இந்தக் குரலுக்கு 36 இருந்தால் ஒன்றுக்கு மூன்று, 18 இருந்தால் இரண்டுக்கு மூன்று என்று எண்ணிப் பார்த்தே சொல்லி விடலாம். எல்லாக் குரல்களிலும் ஒரே நேரத்தில் 3 வந்தால்தான் வம்பு. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது. முன் பகுதியோடு பின் பகுதியின் வேகம் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை ஏடு சொல்லாது. அறிஞர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பாட்டில் முதலில் 2க்குக் கீழே 1, சிறிது நேரம் கழித்து 3க்குக் கீழே 2 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது விகிதம் எதிலிருந்து கணக்கிடப்படுகிறது? முந்தைய விகிதத்தின் மேல் ஏறி நின்றால் மொத்தம் மூன்று மடங்கு. பாட்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை மடங்குதான். 8 செமிபிரீவிஸ் நேரத்தில் ஒரு கணக்குப்படி 24 சுரங்கள், மற்றக் கணக்குப்படி 12. மிலான் நகர இசையறிஞர் காஃபூரியுஸ் 1496ல் வெளியிட்ட 'பிராக்டிகா மியூசிகே' நூலில், ஒரு விகிதத்தை ரத்துச் செய்ய அதன் தலைகீழ் விகிதத்தை எழுதிக் காட்டுகிறார். அதாவது விகிதம் விகிதத்தின் மேல் ஏறும் என்பதே அவர் முறை. இசையமைப்பாளர் எல்லாரும் இப்படி ஒழுங்காக நடந்து கொண்டார்களா என்றால், இல்லை.

ஒரு கோட்டுக்கு என்ன விலை?

எல்லாவற்றையும் விட நீண்ட சண்டை வட்டத்தின் குறுக்கே கிழித்த ஒரு சிறு கோட்டைப் பற்றியது. கோடு வந்தால் சரியாக இரண்டு மடங்கு வேகம் என்று பல பாடநூல்கள் எழுதி வைத்தன. டிங்க்டோரிஸோ, கோடு வேகத்தைக் கூட்டுவதற்கு என்கிறார். இருமடங்கு விகிதத்துக்கு எண்களைத்தான் கேட்கிறார். அன்னா மரியா புஸ்ஸே பெர்கர் 1993ல் இக்குறிகளின் தோற்றம், வளர்ச்சி பற்றித் தனி நூலே வெளியிட்டார். வட்டத்தில் விழுந்த கோட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருளை மார்கரெட் பென்ட் 1996ல் கேள்விக்குள்ளாக்கினார். ராப் வெக்மன் 2000ல் மறுத்து எழுத, பென்ட் அதே ஆண்டில் பதில் எழுதினார். ரூத் டிஃபோர்ட் 2015ல் வெளியிட்ட பெரிய நூல், கொள்கை நூல்களையும் இசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதே கேள்விகளை மீண்டும் ஆராய்ந்தது.

ஒரு கோட்டுக்கு இத்தனை புத்தகமா என்று சிரிப்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக 180 செமிபிரீவிஸ் உள்ள ஒரு பகுதி, விநாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் 3 நிமிடம் நீளும். கோட்டுக்கு இருமடங்கு வேகம் என்றால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்து விடும். மூன்றின் நேரத்தில் நான்கு என்ற அளவுக்கு வேகம் கூடினால் 2 நிமிடம் 15 விநாடி. பாடகர்களின் மூச்சு, சொற்களின் தெளிவு, இசையின் குணம் எல்லாமே மாறிப் போகும்.

இப்போது கணினியின் பக்கம் வருவோம். ஒருவர் இந்த ஏட்டைப் பதியும்போது, கோடு என்றால் இருமடங்குதான் என்று முடிவு செய்து, சுரங்களின் நீளத்தைப் பாதியாக்கி, இன்றைய தாளக் குறியைப் போட்டுச் சேமித்து விட்டார் என்று வைத்துக்கொள்வோம். சண்டை நூலகத்தில் நடந்து கொண்டே இருக்கும். கோப்பில் மட்டும் முடிந்து விட்டது. அந்தக் கோப்பை ஆயிரம் பேர் இறக்கிப் பயன்படுத்துவார்கள். ஒருவருடைய ஊகம் அவர்களுக்கு ஏட்டின் செய்தியாகவே போய்ச் சேரும். அச்சுப் பதிப்பிலாவது பதிப்பாசிரியர் மூலக் குறியைத் தொடக்கத்தில் சிறிதாக அச்சிட்டு, முன்னுரையில் தன் முடிவையும் சொல்லி வைப்பார். கோப்புக்கு முன்னுரை ஏது?

பட்டியல் போதாது

கணினிக்கும் இந்த இசைக்கும் உள்ள தொடர்பு புதிதல்ல. 1960களிலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் மெண்டல், லூயிஸ் லாக்வுட் ஆகியோர் ஜோஸ்கினின் இசையைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றினர். 1990ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லத்தீன் இசை நூல்களின் தொகுப்பு, வட்டத்துக்கு ஆங்கில 'ஓ', அரைவட்டத்துக்கு 'சி' என்று விசைப்பலகை எழுத்துகளாலேயே குறிகளை எழுதிச் சமாளித்தது.

2001ல் யூனிகோட் 3.1 பதிப்பு 200க்கும் மேற்பட்ட இசைக் குறிகளைச் சேர்த்துக்கொண்டது. அதில் வட்டம், அரைவட்டம் வகையைச் சேர்ந்தவை எட்டு. ஓர் எழுத்துருவில் தட்டிய தமிழ் இன்னொரு கணினியில் கேள்விக்குறியும் கட்டமுமாக வந்த காலத்தை அனுபவித்த தமிழ் வாசகர்களுக்கு, ஒவ்வொரு குறிக்கும் ஒரு நிலையான எண் கிடைப்பதன் அருமை தெரியும். ஆனால் எட்டு எந்த மூலைக்கு? எண்களோடு சேர்ந்த வட்டம், இரட்டைக் குறிகள் என்று ஏடுகளில் உள்ள வகைகள் அதைவிட அதிகம். மேலும், கோடு போட்ட குறிகளுக்கு யூனிகோட் வைத்த பெயரிலேயே 'குறைத்தல்' என்று பொருள்படும் சொல் சேர்ந்திருக்கிறது. வடிவத்துக்குப் பெயர் வைக்கப் போய் பொருளையும் சேர்த்துக் கட்டி விட்டார்கள். 2004ல் வெளிவந்த மியூசிக்எக்ஸ்எம்எல் இன்றைய இசைக்கு மிகப் பயனுள்ளது. ஆனால் அது இசையைப் பட்டைக்கோடுகளால் பிரித்தே பார்க்கும். மறுமலர்ச்சிக் கால ஏடுகளில் அந்தக் கோடுகளே கிடையாது.

சரியான வழியைக் காட்டியது 'மியூசிக் என்கோடிங் இனிஷியேட்டிவ்' என்ற எம்.இ.ஐ. முறை எனலாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பெரி ரோலண்ட் தொடங்கி வைத்து, இன்று பல நாட்டினர் சேர்ந்து வளர்க்கும் முறை இது. இதில் ஒரு குறியை இரண்டு விதமாக விவரிக்கலாம். வட்டமா அரைவட்டமா, புள்ளி உண்டா, எத்தனை கோடு, திருப்பிப் போட்டதா என்பவை கண்ணுக்குத் தெரிபவை. பிரீவிஸ் இரண்டாகப் பிரிகிறதா மூன்றாகவா, செமிபிரீவிஸ் எப்படி, விகிதத்தின் மேல் எண் என்ன கீழ் எண் என்ன என்பவை அறிவு முடிவு செய்பவை. இரண்டுக்கும் தனித்தனி இடம் இருப்பதால் ஒன்றை மாற்றினாலும் மற்றது அப்படியே இருக்கும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெஸி ரோடின் தலைமையில் நடக்கும் ஜோஸ்கின் ஆய்வுத் திட்டம் இதையே எளிமையாகச் செய்கிறது. சுரங்கள் இன்றைய முறையில் எழுதப்படுகின்றன. ஆனால் கோப்பில் ஒரு வரியில் இன்றைய தாளக் கணக்கும், இன்னொரு வரியில் ஏட்டில் இருந்த குறியும் சேர்த்துப் பதியப்படுகின்றன. அந்த ஒரு வரி கூடுதல் உழைப்பால், கோடு போட்ட வட்டம் எந்தெந்தப் பாட்டுகளில் வருகிறது என்று நொடியில் தேட முடிகிறது. முன்பு இதற்கு ஓர் ஆய்வாளர் மாதக் கணக்கில் நூலகங்களில் ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

இதில் மறுபக்கமும் இருக்கிறது. பொருள் சொல்லும் வேலையே வேண்டாம், வடிவத்தை மட்டும் அப்படியே பதிந்து வைப்போம் என்பவர்களும் உண்டு. கேட்க நேர்மையாகத் தெரிந்தாலும் அது பாதி வேலைதான். நீளம் தெரியாத சுரத்தைக் கணினியால் மற்றக் குரலோடு பொருத்தவும் முடியாது, ஒலிக்கவும் முடியாது. அன்றைய ஏடுகளில் குரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படவில்லை. ஒவ்வொரு குரலும் தனித்தனியாக, பக்கத்தின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும். அவற்றை வரிசைப்படுத்தப் பொருள் தெரிந்தே ஆக வேண்டும்.

இந்த வரிசைப்படுத்தலைத் தானாகச் செய்யும் மென்பொருள் ஒன்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவானது. பதிந்த குறியையும் பக்கத்துச் சுரங்களையும் பார்த்து, மேலே சொன்ன புணர்ச்சி விதிகள் போன்ற விதிகளைக் கொண்டு ஒவ்வொரு சுரத்தின் நீளத்தையும் அது கணக்கிடுகிறது. எல்லாக் குரல்களும் ஒரே இடத்தில் முடிந்தால் கணக்குச் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு குரல் முந்திக்கொண்டால் குறியைத் தவறாகப் படித்திருக்கலாம். அல்லது 500 ஆண்டுகளுக்கு முன் ஏட்டை எழுதியவரே ஒரு சுரத்தை விட்டிருக்கலாம். எது என்று மனிதர்தான் ஏட்டைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொன்னவர் யார் என்பதையும் எம்.இ.ஐ. கோப்பில் குறித்து வைக்கலாம். இந்த விகிதத்தை முடிவு செய்தவர் இன்னார், அவருக்கு இதில் எவ்வளவு உறுதி, வேறோர் ஏட்டில் இதே இடத்தில் என்ன குறி இருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் அதில் இடமுண்டு. பதிபவர்கள் பலர் நேரமின்மையால் அந்த இடங்களைக் காலியாக விட்டு விடுகிறார்கள் என்பதுதான் குறை. நிரப்பி வைத்தால், கோடு போட்ட வட்டத்தின் கீழுள்ள அந்தப் பகுதியைப் பாடகர் குழு ஒன்று ஒத்திகைக்கு எடுக்கும்போது, ஒன்றரை நிமிடக் கணக்கையும் 2 நிமிடம் 15 விநாடிக் கணக்கையும் ஒரே கோப்பிலிருந்து மாற்றி மாற்றி ஒலிக்க விட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.